காராமணியும் புகையில்லா அடுப்பும்

நெருப்பைச் சாமியாகக் கும்பிடுகிற ஊரில், புகையைத் திட்டுவதையே உத்தியோகமாக வைத்திருந்தவள் நான். எண்பதுகளின் தொடக்கம் அது. எங்கள் மாவட்டத்துக்கு வேலூர்தான் தலைநகரம். திருவண்ணாமலை ஒன்றிய அலுவலகத்தில் ஊர்நல அலுவலராக இருந்தேன். தடுப்பூசிக்கு ஆள் சேர்ப்பது, தையல் வகுப்பு நடத்துவது என்று எங்கள் தலையில் ஏற்கெனவே பத்து வேலை இருந்தது. அதோடு புகையில்லா அடுப்பும் வந்து சேர்ந்தது. மண்ணால் கட்டிய அடுப்பு. இரண்டு பானை வைக்கலாம். பின்னால் இருந்து ஒரு குழாய் கிளம்பிக் கூரைக்கு மேலே போகும். புகையெல்லாம் அதன் வழியாக வெளியேறிவிடும், விறகும் கம்மியாகப் பிடிக்கும். மற்றவர்களுக்கு அது இன்னொரு திட்டம். எனக்கு அதுவே கட்சி, கொடி, கோஷம் எல்லாம்.

காரணம் இருந்தது. காலையில் சைக்கிளை மிதித்துக்கொண்டு போகும்போது, மலையிலிருந்து பெண்கள் விறகுக்கட்டோடு இறங்கி வருவார்கள். மலையில் மரம் என்று சொல்ல அப்போது பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. முள்ளும் புதரும்தான். அதையும் வெட்டிக் கொண்டுவந்து, அதை எரித்த புகையைக் குடித்து, இருமிச் சாவது என்ன வாழ்க்கை என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு அடுப்பு கட்டினால் வாரத்துக்கு ஒரு விறகுக்கட்டு மிச்சம் என்று வீட்டுக்கு வீடு சொல்வேன். சமையலறைச் சுவரில் விரலால் ஒரு இழுப்பு இழுத்து, ஒட்டிய கரியை அந்த வீட்டுப் பெண்ணின் உள்ளங்கையிலேயே தடவி, "இதுதான் உங்க நெஞ்சுக்குள்ளயும் கீது" என்பேன். மிரண்டு போய்ச் சரி என்று விடுவார்கள். அடுப்பம்மா என்று எனக்குப் பெயர் வைத்தார்கள். எனக்கு அதில் ஏகப் பெருமை.

வேங்கிக்காலில் ஏரிக்கரையை ஒட்டி ஒரு வீடு. கலெக்டர் ஆபீசும் காலனிகளும் வராத காலம், சுற்றிலும் நெல்லும் மணிலாக்கொட்டை என்கிற நிலக்கடலையும்தான். அந்த வீட்டு அக்காவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். நல்ல உழைப்பாளி. ஆனால் ராத்திரி முழுக்க இருமல். அக்கம்பக்கத்தில் அவருக்கு இன்னொரு மரியாதையும் இருந்தது. ஆடிப் பட்டம் தேடி விதை என்பார்கள். அங்கே சுற்று வட்டாரத்தில் ஆடி பதினெட்டுக்கு முதல் விதையை இந்த அக்கா கையால்தான் வாங்குவார்கள். கைராசி. அவர் கொடுத்த பீர்க்கன் பந்தலை முறித்துவிடும், காராமணி வேலி தாண்டிக் காய்க்கும் என்று பேச்சு. ராசியோ என்னவோ, விதையை அவர் பார்த்துக்கொண்ட விதம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மாசி மாதத்தில் அங்கே அடுப்பு கட்டப் போனேன். கூரை வேய்ந்த சமையலறை. அடுப்புக்கு நேர் மேலே மூங்கில் பரண். அதில் காய்ந்த பீர்க்கன், சுரைக்குடுக்கை, சோளக்கதிர். பக்கத்தில் உறியில் ஒரு சின்னப் பானை. எல்லாவற்றின் மேலும் தலைமுறை தலைமுறையாகப் படிந்த கரி. நான் பழைய அடுப்பை இடிக்கக் கடப்பாரையை எடுத்தபோது, அக்கா பரணைப் பார்த்தபடி ஒரு கேள்வி கேட்டார்.

"புகை எல்லாம் வெளிய போயிட்டா, மேல கீறதுக்கு இன்னாம்மா பண்றது? வண்டு வந்துடாதா?"

சேறு பிசைந்த கையோடு நின்றிருந்த எனக்கு, பதில் சொல்ல அரை நொடி கூட ஆகவில்லை. "அதுக்கெல்லாம் இப்ப மருந்து வந்துடுச்சுக்கா" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். எந்த மருந்து, எதற்கு, எவ்வளவு என்று எனக்கே தெரியாது. வாய் இருந்தது, சொன்னேன். நுணலும் தன் வாயால் கெடும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் பரீட்சைக்குத்தான்.

அடுப்பு பிரமாதமாக அமைந்தது. முதல் நாள் பற்றவைத்தபோது, குழாயிலிருந்து புகை வெளியே சுருண்டு போவதைப் பார்க்க அக்கா வாசலுக்கு ஓடினார், பிறகு உள்ளே ஓடினார், மறுபடி வாசலுக்கு. கோயில் தேர் பார்க்கிற மாதிரி முகம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என்னை நான் ரொம்பப் புகழ்ந்துகொண்டதாக ஆகிவிடும். அந்தக் குழாய் ஆஸ்பெஸ்டாஸ் குழாய். அதை அக்காவின் கொல்லையில் ரம்பத்தால் வறட்டு வறட்டென்று அறுத்தேன். வெள்ளைத் தூள் பறந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அதே முந்தானையால் அக்காவின் முகத்தையும் துடைத்துவிட்டேன். நெஞ்சுக்குப் புகை கெடுதல் என்று பாடம் நடத்தியவள் செய்த காரியம் இது. அந்தத் தூளும் நெஞ்சுக்கு ஆகாது என்று பல வருடம் கழித்துப் படித்தபோது எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. அதன்பிறகு வெறும் சுட்ட மண் குழாய்தான் வைத்தேன். தெரியாமல் செய்ததைத் தெரிந்ததும் நிறுத்தினேன், அதில் எனக்கு வெட்கம் கிடையாது.

ஆடி பதினெட்டு அன்று அந்த வழியாகப் போனேன். அடுத்த வாரம் வேலூரிலிருந்து மேலதிகாரி அடுப்புகளைப் பார்க்க வருவதாக இருந்தது. என்னுடைய நல்ல அடுப்பு எது என்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன், அதனால் ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்று நுழைந்தேன். வீடு மெழுகிக் கோலம் போட்டிருந்தது. அக்காவின் மகளுக்கு வைகாசியில்தான் கல்யாணம். ஆடிக்குத் தாய்வீடு வந்திருந்தாள். மாப்பிள்ளையின் அம்மா மருமகளைப் பார்க்க வந்து, கூடத்தில் பாயில் உட்கார்ந்திருந்தார். படையலுக்கு இலை போட்டாயிற்று. அடுப்பில் காராமணிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. சமையலறையில் ஒரு துளி புகை இல்லை.

"பாருங்க, எங்க அடுப்பம்மா வந்துட்டாங்க!" என்று அக்கா சம்பந்தியிடம் என்னைக் காட்டினார். "அஞ்சு மாசமா இருமலே இல்ல. ராத்திரி படுத்தா காலையிலதான் கண்ணு முழிக்கிறேன்."

நான் இரண்டு அங்குலம் உயர்ந்தேன். அக்கா அதோடு விடவில்லை. உறியிலிருந்த சின்னப் பானையை இறக்கிக் கொண்டுவந்தார்.

"நீங்க சொன்னது சரிதாம்மா. புகை போனதும் பங்குனி சித்திரையிலயே வண்டு வெச்சிடுச்சு. பரண்ல கீறது எல்லாம் உளுத்துப்போச்சு. அப்பறம்தான் நீங்க சொன்னது ஞாபகம் வந்துச்சு. உரக்கடையில மருந்து வாங்கிவந்து இதுல மட்டும் கலந்து வெச்சேன். பாருங்க, ஒரு வண்டு கீதா?"

பானைக்குள் காராமணி அழகாக இருந்தது. மேலே வெள்ளைப் பொடி. மூக்குக்குக் கொண்டுபோகும் முன்பே நெடி வந்துவிட்டது. எங்கள் அலுவலகத்துக்குப் பின்னால் இருந்த கிடங்கில், வயலுக்குத் தூவுகிற பூச்சி மருந்து மூட்டைகள் அடுக்கியிருக்கும். அந்த அறையைக் கடக்கும்போது வருகிற அதே பூஞ்சை நெடி. அடுத்த மூச்சில் இன்னொன்றும் தெரிந்தது. நெடி பானையிலிருந்து மட்டும் வரவில்லை. அடுப்புப் பக்கமிருந்தும் வந்தது.

"குழம்புக்குக் காராமணி எதுல இருந்து எடுத்தீங்க?" என்றேன்.

அக்காவுக்குத் தெரியவில்லை. மகளைப் பார்த்தார். அந்தப் பெண் சந்தோஷமாகவே சொன்னாள். "சமையலுக்கு வெச்சிருந்த பெரிய பானையில எல்லாம் ஓட்டை ஓட்டையா இருந்துச்சும்மா. அத்தை வந்திருக்கும்போது அதப் போய் எப்படிப் போடறதுனு உறியில இருந்து எடுத்தேன். நாலு தண்ணி கழுவித்தான் ஊற வெச்சேன்."

வீட்டுக்கு வந்த மாமியாருக்கு நல்லதாகப் பார்த்து எடுத்திருக்கிறாள். வண்டுகூடத் தொடாத காராமணி எதனால் வண்டு தொடாமல் இருந்தது என்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

"உப்பு பார்த்தியா? வாயில வெச்சியா?" என்று கத்தினேன்.

"படையலுக்கு வைக்கறத யாராவது உப்பு பார்ப்பாங்களா?" என்றாள் அவள், என்னைப் பைத்தியம் போலப் பார்த்து.

அந்த ஒரு வழக்கத்துக்கு நான் இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடுவேன். முந்தானையைச் சுற்றிக் குழம்புப் பானையை அப்படியே தூக்கினேன். கை சுட்டது, விடவில்லை. கொல்லையில் வாழைக்குத் தோண்டியிருந்த குழியில் கொட்டி, கோழி கிளறாதபடி மண்வெட்டியால் மண் தள்ளி மூடினேன். திரும்பிப் பார்த்தால் வாசல்படியில் சம்பந்தியம்மா நின்றிருந்தார்.

"ஆடி பதினெட்டும் அதுவுமா, சாமிக்கு வெச்ச குழம்பக் குழியில கொட்டறாங்களே, இன்னா வூடு இது?"

மகள் அழ ஆரம்பித்தாள். நான் மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். குழம்பில் விழுந்திருப்பது வயலுக்குத் தூவுகிற விஷம், கழுவினாலும் கொதிக்க வைத்தாலும் போகாது என்றேன். அக்கா சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். "கழுவினா போயிடும்னு கடையில சொன்னாங்களே" என்றார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமாகக் கேட்டிருந்தால் எனக்கும் பதிலுக்குக் கோபப்பட வசதியாக இருந்திருக்கும். அவர் நிதானமாகத்தான் கேட்டார்.

"புகைய நீங்க எடுத்துட்டுப் போயிட்டீங்க. அது பண்ணிக்கிட்டிருந்த வேலைய யாரு பண்றதுனு நான் அன்னிக்கே கேட்டேனே."

நான் அந்தச் சின்னப் பானையை எடுத்து உள்ளே பார்த்தேன். பாதிதான் இருந்தது.

அதைவிடப் பெரிய இடி பின்னால் வந்தது. அன்று காலையிலேயே ஆறு வீட்டுக்காரர்கள் வந்து அந்தப் பானையிலிருந்து விதை வாங்கிப் போயிருந்தார்கள். விதைத்தது போக மிச்சத்தை யாராக இருந்தாலும் சுண்டலுக்கோ குழம்புக்கோதான் போடுவார்கள். நான் போய்த் திருப்பி வாங்கி வருகிறேன் என்று சைக்கிளை எடுத்தேன்.

அக்கா எழுந்தார். "நீங்க போய்ச் சொன்னா ஆபீசருங்க இன்னாவோ சொல்றாங்கனு நெனச்சுப்பாங்க. குடுத்த கை போயி கேட்டாத்தான் குடுப்பாங்க." வாசல்வரை வந்தவர் நின்றார். "ஆனா இன்னிக்கு நான் போயி இதச் சொன்னா, இனிமே இந்தக் கையில யாரும்மா விதை வாங்குவாங்க?"

அவர் பயந்தது அதற்குத்தான். இருபது வருடமாகச் சேர்த்த பெயர் அது. ஒரு சொல்லில் போய்விடும் என்று தெரிந்தும் முன்னால் நடந்தார். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனேன்.

முதல் வீட்டில் நான்தான் பேசினேன். "விதையில் மருந்து கலந்திருக்கிறது, அரசாங்கம் சார்பில் எச்சரிக்கிறோம்" என்று மைக் வைத்த ஜீப் மாதிரி ஆரம்பித்தேன். யார் கலந்தது, யார் சொல்லிக் கலந்தது என்பதெல்லாம் அதில் வராது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. அக்கா திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்த வீட்டுக்காரம்மா அவரைப் பார்த்து, "உன் கைய நம்பித்தானேடி வாங்கினேன்" என்று பையைத் தூக்கிக் கொடுத்தார். அக்கா தலை குனிந்து வாங்கிக்கொண்டார். எனக்குச் செருப்பால் அடித்ததுபோல் இருந்தது.

இரண்டாவது வீட்டில் வாசலிலேயே நின்று சொன்னேன். "தப்பு என்னுது. வண்டுக்கு மருந்து போடுங்கனு நான்தான் தெரியாம சொன்னேன். அக்கா என்னை நம்பிப் போட்டாங்க. மிச்சம் இருக்கறதக் குடுத்துடுங்க, யாரும் சாப்பிடாதீங்க." முதல் தடவை சொல்வதுதான் கஷ்டம். மூன்றாவது, நான்காவது வீட்டுக்கெல்லாம் நானே முந்திக்கொண்டு போனேன்.

கடைசி வீடு மெத்தை தைக்கிற பாய் வீடு. அவர் மனைவி கொல்லையில் எப்போதும் ஏதாவது கொடி ஏற்றியிருப்பார். விஷயத்தைக் கேட்டதும் ஓடிப்போய் ஒரு குண்டானைத் தூக்கி வந்தார். தண்ணீரில் காராமணி ஊறிக்கொண்டிருந்தது. "விதைக்கு ஜாஸ்தியா இருந்துச்சுனு பாதிய சாயங்காலத்துக்கு ஊறப் போட்டேனே" என்றார். அவருடைய மூன்று பிள்ளைகளும் அந்தக் குண்டானைச் சுற்றித்தான் நின்றிருந்தார்கள். நான் குண்டானை வாங்கி, அவர்கள் கைக்கு எட்டாத உயரத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டேன்.

திரும்பி வந்த விதையை எல்லாம் வயல் வரப்பில் அன்றே ஊன்றினோம். சாப்பிடத்தான் கூடாது, முளைக்க அதற்குத் தடை இல்லை. பொடி கலந்த பானையை உடைத்துப் புதைத்தோம். கைகளைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினோம். மீதிப் பொடியை மறுநாள் உரக்கடையில் கொண்டுபோய் வைத்து, "கழுவினா போயிடும்னு இன்னொருத்தர்கிட்ட சொன்னா கடை வாசல்லயே வந்து உக்காந்துடுவேன்" என்றேன். கடைக்காரரைத் திட்டும்போது பாதித் திட்டு எனக்கே விழுந்துகொண்டிருந்தது.

அடுத்த நாள் அக்காவிடம், பழையபடி புகை வேண்டுமென்றால் அடுப்பை இடித்துத் தருகிறேன் என்றேன். "இடிச்சுப் பாருங்க, கைய ஒடிக்கறேன்" என்றார். "நான் இருமாம தூங்கறது உங்களுக்குப் பொறுக்கலையா?" அன்றுதான் முதல்முறையாக அந்த வீட்டில் வாயை மூடிக்கொண்டு கேட்டேன். விதையை எப்படி வைப்பீர்கள் என்று கேட்டேன். அமாவாசைக்கு அமாவாசை வெயிலில் காய வைப்பது, சாம்பல் பிசறுவது, மேலே வேப்பிலையும் நொச்சியும் போடுவது, இதெல்லாம் போகப் புகை. புகை தினமும் வேண்டுமா என்றேன். அவர் யோசித்தார். "தெனமும் எதுக்கு? தெனமும் சமைக்கறோம், அதனால தெனமும் வந்துச்சு" என்றார்.

அங்கேதான் வழி கிடைத்தது. குழாய் அடுப்பை விட்டுக் கிளம்புகிற இடத்தில் ஒரு செங்கல்லைப் பூசாமல் செருகி வைத்தேன். இழுத்தால் கையோடு வரும். அமாவாசை அன்று சமையல் முடிந்ததும் தணலில் பச்சை வேப்பிலையும் நொச்சியும் போட்டு, அந்தக் கல்லை உருவி, கதவைச் சாத்திவிட்டு, எல்லோரும் கொல்லையில் போய் உட்கார்ந்துகொள்ள வேண்டும். கூரை வீடு என்பதால் பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர். அரை மணி நேரம் புகை பரணில் தன் வேலையைப் பார்க்கும். பிறகு கல்லைச் செருகிவிட்டால் அடுத்த அமாவாசை வரைக்கும் அதற்கு உள்ளே இடமில்லை.

மேலதிகாரி வந்தார். கையிலிருந்த பிளான் படத்தையும் அடுப்பையும் மாறி மாறிப் பார்த்தார். "பிளான்ல இந்த ஓட்டை இல்லையே?" என்றார்.

"இல்ல சார். பிளான் போட்டவங்க வீட்டுப் பரண்ல விதை இல்ல" என்றேன். அவர் ஏதோ எழுதிக்கொண்டு போனார். என்ன எழுதினாரோ, அதற்குப் பிறகு நான் கட்டிய அடுப்பு ஒன்றுவிடாமல் அந்தக் கல்லோடுதான் கட்டினேன்.

அடுத்த ஆடி பதினெட்டு. எனக்கு அன்று வேங்கிக்காலில் ஒரு வேலையும் இல்லை, ஆனாலும் காலையிலேயே போய்விட்டேன். வரப்பில் ஊன்றியது நன்றாகக் காய்த்து, அந்த விதை ஐப்பசியிலிருந்து பரணில் இருந்தது. எட்டு அமாவாசைப் புகை கண்ட விதை. அக்கா முறத்தில் கொட்டி வாசலில் வைத்திருந்தார். ஒன்றிலும் ஓட்டை இல்லை. வழக்கமாக விடிந்ததும் ஆள் வந்துவிடும். எட்டு மணி ஆனது. யாரும் வரவில்லை. அக்கா முறத்தை ஒரு தடவை புடைத்தார். புடைத்துத் தள்ள அந்த விதையில் தூசிகூட இல்லை. எனக்கு அந்தச் சத்தத்தைக் கேட்கவே முடியவில்லை.

ஒன்பது மணிவாக்கில் மெத்தைக்காரர் மனைவி வந்தார். பின்னாலேயே இரண்டு மூன்று பேர். முதல் வீட்டு அம்மாவும் இருந்தார். வந்தார்களே தவிர யாரும் கையை நீட்டவில்லை. முறத்தைச் சுற்றி நின்றார்கள். அக்கா ஒரு பிடி அள்ளினார். அவர்களிடம் நீட்டாமல் என் பக்கம் திரும்பினார்.

"மொதல்ல நீங்க கடிங்க அடுப்பம்மா. மருந்து வந்துடுச்சுனு சொன்ன வாய்தானே."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் கையிலிருந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். காய்ந்த காராமணி லேசில் உடையாது. கடைவாயில் தள்ளிக் கடகடவென்று மென்று, எல்லோரும் பார்க்க விழுங்கினேன். மெத்தைக்காரர் மனைவி என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முந்தானையை விரித்து அக்காவிடம் நீட்டினார்.